தருமன் சொல்லாத சொல்

கடந்த மாதம், டென்மார்க்கில் நாங்கள் இருக்கும் ஊரின் தமிழ்ப் பாடசாலையின் பெற்றோர் கூட்டத்துக்கு ஒரு மரப் பெட்டியைக் கொண்டுபோனேன். மூடினால் கைப்பெட்டி, விரித்தால் பலகை. 24 கூர் முக்கோணங்கள், ஆளுக்கு 15 காய்கள், பகடைகள், அவற்றைக் குலுக்கி உருட்டத் தோல் குவளைகள். சனிக்கிழமைகளில் இரண்டு பாடங்களுக்கு நடுவில் பிள்ளைகளுக்கு அரை மணித்தியால இடைவேளை கிடைக்கிறது. விருப்பமுள்ள பிள்ளைகளுக்கு அந்த நேரத்தில் பேக்கேமன் சொல்லிக்கொடுக்கிறேன் என்று கேட்டேன். சதுரங்கப் பலகைகள் ஏற்கெனவே அங்கே நாலு இருக்கின்றன. அவற்றுக்காக ஒருவரும் கூட்டம் கூட்டியதில்லை. பகடையைக் கண்டதும் முகங்கள் மாறிவிட்டன. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், நான் மிகவும் மதிக்கிற மனிதர், மெதுவாகத்தான் சொன்னார்: “தம்பி, உது சூதல்லோ. பிள்ளையளுக்கு உதைப் பழக்கக் கூடாது.” கை உயர்த்தச் சொன்னார்கள். பெட்டி திரும்பவும் என் காருக்கே வந்தது.

அந்தப் பெரியவர் நல்ல மனதோடு சொன்னார். ஆனாலும் அவர் சொன்னது பிழை என்றே நினைக்கிறேன். ஐந்து நிமிடத்துக்குள் அதை விளக்க என்னால் முடியவில்லை. இங்கே விளக்கப் பார்க்கிறேன்.

1986ஆம் ஆண்டு கிழக்கு பெர்லினில் விமானத்தால் இறங்கி, வார்னமுண்டேயில் கப்பலேறி, கெட்சர் துறைமுகத்தில் டென்மார்க் மண்ணை மிதித்த தமிழ் அகதிகளில் நானும் ஒருவன். அதே பாதையால் ஈரானியரும் நிறைய வந்தார்கள். செஞ்சிலுவைச் சங்க முகாமில் என் அறையில் இருந்தவர் தெஹ்ரானைச் சேர்ந்தவர், என்னைவிட மூத்தவர். எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு மொழியும் கிடையாது. நான் அவரை ‘அண்ணை’ என்று கூப்பிடுவேன். அவரும் அதற்குத் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டார். அட்டைப் பெட்டி மூடியொன்றில் பேனாவால் பேக்கேமன் பலகை கீறி, சோடாப் போத்தல் மூடிகளைக் காய்களாக வைத்தார். எனக்கு மூடியின் நிறப் பக்கம் மேலே, அவருக்கு வெள்ளிப் பக்கம் மேலே. பகடை மட்டும் உண்மையான பகடை. ஊரிலிருந்து சட்டைப் பையில் கொண்டுவந்திருந்தார். 6-5 விழுந்தால் ‘ஷேஷ்-ஓ-பேஷ்’ என்று பாட்டுப் போலச் சொல்வார்.

என் அம்மம்மா சிவராத்திரி விழிப்புக்குத் திண்ணையில் தாயம் விளையாடுவார். அந்த ஞாபகத்தால்தான் எனக்கு ஆட்டம் விரைவில் பிடிபட்டது. தனியாக நிற்கும் காயை எதிரி வந்து வெட்டலாம். வெட்டுப்பட்ட காய் முதலிலிருந்து தொடங்க வேண்டும். சுற்றி வந்து வீடு சேர்ந்த காயைப் பழமாக்கி வெளியே எடுக்கலாம். தாயத்தில் இருந்த எல்லாம் இதிலும் இருந்தன. அண்ணை என் காயை முதல்முறை வெட்டியபோது “ஐயோ, வெட்டிப்போட்டியளே” என்று தமிழில்தான் கத்தினேன். அவருக்கு அது விளங்கியது.

இருவரும் டேனிஷ் மொழியில் கதைக்கப் பழகிய பிறகு அவர் ஒரு கதை சொன்னார். பழைய பாரசீக நூலொன்றில் உள்ள கதை. பிறகு ஷாநாமாவிலும் வருகிறது. இந்திய அரசன் ஒருவன் சதுரங்கப் பலகையை விதிகள் சொல்லாமல் பாரசீக அரசன் குஸ்ராவுக்கு அனுப்பி, இதை எப்படி ஆடுவது என்று கண்டுபிடிக்கும்படி சவால் விட்டானாம். பொசோர்க்மெர் என்ற அமைச்சர் அதைக் கண்டுபிடித்தார். பிறகு தானே ‘நர்த்’ என்ற இந்த ஆட்டத்தை உண்டாக்கி, மாதத்தின் முப்பது நாளுக்கு முப்பது காய் வைத்து, இந்தியாவுக்குப் பதில் சவாலாக அனுப்பினார். இந்திய அறிஞர்களால் அதை விடுவிக்க முடியவில்லையாம். கதைதான், வரலாறு என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் சதுரங்கத்தை எங்களுடையது என்று பெருமையோடு பிள்ளைகளுக்குக் கொடுக்கிற நாங்கள், பதிலுக்கு வந்த பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் திருப்பி அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை.

சூது என்றதும் எங்கள் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது தருமன். கூட்டத்திலும் அந்தப் பெயரைத்தான் எடுத்தார்கள். நானும் அந்தச் சபையைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். அங்கே தருமனை அழித்தது எது? பகடை உருட்டியவன் சகுனி, அவன் கைதேர்ந்தவன். ஆனால் ஒவ்வொரு தடவையும் இன்னும் பெரிய பணயத்தை வைத்தவன் தருமன். அழைத்தால் மறுக்கக் கூடாது என்பது அவனுடைய விரதம். நாடு, தம்பிமார், தான், மனைவி என்று பணயம் ஏறிக்கொண்டே போக, ‘விடுகிறேன்’ என்ற ஒரு சொல் அவன் வாயில் வரவேயில்லை.

நான் பேக்கேமன் போட்டிகளில் ஆடுகிறவன். போட்டிக்குத் தயாராவது என்றால், பெரும்பகுதி அந்தச் சொல்லைச் சொல்லப் பழகுவதுதான்.

அண்ணை விளையாடிய நர்தில் இல்லாத ஒரு பொருள் இன்றைய போட்டிகளில் உண்டு. கியூப் என்பார்கள். பகடையைவிடப் பெரிய கட்டை. பக்கங்களில் 2, 4, 8, 16, 32, 64 என்று எழுதியிருக்கும். 1920களில் நியூயோர்க்கில் யாரோ சேர்த்தது. யார் என்பது பதிவாகவில்லை. என் நிலை நன்றாக இருந்தால், பகடை உருட்டுமுன் இந்தக் கட்டையை எதிரியின் பக்கம் நகர்த்தி, இந்த ஆட்டத்தின் புள்ளியை இரட்டிப்பாக்கச் சொல்லலாம். காசு அல்ல, புள்ளி. எதிரி இரண்டில் ஒன்று சொல்ல வேண்டும். ‘எடுக்கிறேன்’ என்றால் ஆட்டம் இரண்டு புள்ளிக்குத் தொடரும். ‘விடுகிறேன்’ என்றால் ஒரு புள்ளியைக் கொடுத்துவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போகலாம்.

எப்போது விடுவது? இதற்குக் கணக்கு இருக்கிறது, ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கே விளங்கும் கணக்கு. ஒரே மாதிரி நிலை நாலு தடவை வருகிறது என்று வையுங்கள். நாலு தடவையும் விட்டால் நாலு புள்ளி போகும். நாலு தடவையும் எடுத்து, மூன்றில் தோற்று ஒன்றில் வென்றால் ஆறு போய் இரண்டு வரும். அதுவும் நாலு புள்ளி நட்டம்தான். ஆகவே நாலில் ஒரு தடவைக்கு மேல் வெல்லலாம் என்றால் எடுக்க வேண்டும், அதற்குக் கீழே என்றால் விட வேண்டும். இரட்டைத் தோல்வி வரும் ஆபத்து, கட்டை இனி என் கையில் இருப்பதன் நன்மை என்று மேலும் நுணுக்கங்கள் உண்டு. அடிப்படை இவ்வளவுதான்.

கணக்கு லேசு, சொல்வதுதான் கஷ்டம். நான் பல வருடங்கள் இரண்டு பக்கமும் பிழை விட்டிருக்கிறேன். தோற்றுக்கொண்டு வரும்போது ரோசத்தில் எடுத்தேன். வென்றுகொண்டு வரும்போது பயத்தில், முப்பது வீத வாய்ப்பு இருந்த நிலைகளையும் விட்டேன். ரோசமும் பயமும் இல்லாமல் ஒரு நிலையைப் பார்ப்பதற்கு அறுபது வயதிலும் எனக்குப் பயிற்சி வேண்டியிருக்கிறது. பத்து வயதில் ஒரு பிள்ளை இதைத் தொடங்கினால் எவ்வளவு நல்லது!

பகடை இருந்தால் அது அதிர்ஷ்டம்தானே என்று கேட்கிறவர்களுக்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். 1982இல் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் பேக்கேமன் போட்டி நடத்தியவர்மேல் சூதாட்ட வழக்குப் போட்டார்கள். போல் மக்ரியேல் சாட்சி சொல்லப் போனார். கணிதப் பேராசிரியராக இருந்தவர். 1976இல் வந்த அவருடைய புத்தகத்தில்தான் ஒரு தலைமுறையே இந்த ஆட்டத்தைப் படித்தது. 64 கற்பனை ஆட்டக்காரர்களுக்குப் பெயர் வைத்துத் தனக்குத்தானே ஒரு போட்டி நடத்தி, அதில் வென்ற ‘எக்ஸ்-22’ என்ற பெயரையே பட்டப்பெயராகச் சுமந்தவர். அந்த வழக்கில் இது திறன் ஆட்டம் என்று தீர்ப்பு வந்தது. இந்திய உச்ச நீதிமன்றம் 1968இலேயே ரம்மியைப் பற்றி அதே முடிவுக்கு வந்திருந்தது. எங்கள் ஆட்கள் கலியாண மண்டபத்தின் பின்னறையில் விடிய விடிய 304 என்ற கடுதாசி ஆட்டம் விளையாடுகிறார்கள். நானும் துருப்பைக் கேட்டு மேசையில் அடித்து விளையாடுகிறவன்தான். கடுதாசியைக் கலைத்துக் கொடுப்பதும் பகடையை உருட்டுவதும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. ஒன்று குடும்ப விளையாட்டு, மற்றது சூது என்று பிரிக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

டென்மார்க்கில் ஒவ்வொரு ஈஸ்டருக்கும் நோர்டிக் ஓப்பன் நடக்கும். ஐரோப்பாவின் பெரிய போட்டிகளில் ஒன்று. அதற்குத் தைப்பொங்கலோடு தயாராகத் தொடங்குவேன். எங்கள் குசினி மேசையில் பலகையை விரித்து, கைத்தொலைபேசியை மிளகாய்த்தூள் டின்னில் சாய்த்து ஆட்டத்தைப் படம் பிடிப்பேன். பிறகு ஒவ்வொரு நகர்வையும் எக்ஸ்ட்ரீம் கேமன் என்ற மென்பொருளில் ஏற்றுவேன். எந்த இடத்தில் எவ்வளவு பிழை விட்டேன் என்று அது காட்டும்; கடைசியில் ஒரு எண் தரும். பிழை குறையக் குறைய எண்ணும் குறையும். உலகின் தலைசிறந்தவர்கள் 3, 4 என்ற அளவில் நிற்கிறார்கள். நான் 13இல் தொடங்கினேன். பதினான்கு வருடத்தில் ஏழரைக்கு வந்திருக்கிறேன்.

அந்த எண்ணைவிட எனக்கு முக்கியமானது ஒரு கொப்பி. பெரும்பாலும் என் பெரிய பிழைகளைத்தான் அதில் வரைந்துவைப்பேன்: நிலை, புள்ளி, நான் செய்தது, செய்திருக்க வேண்டியது. ஆட்டத்தில் வென்றேனா தோற்றேனா என்பதை எழுதுவதேயில்லை. மாலையில் என் மனைவி வெங்காயம் வெட்டிக்கொண்டே கொப்பியில் ஒரு பக்கத்தைத் திருப்பி, “இதை எடுப்பியளோ, விடுவியளோ?” என்று கேட்பார். காரணத்தோடு பதில் சொல்ல வேண்டும். காரணம் பிழை என்றால், விடை சரியாக இருந்தாலும் அவர் ஒத்துக்கொள்ளமாட்டார். என்னைத் தயார்செய்தவர்களில் முதல் இடம் அவருக்குத்தான்.

வேலைக்குப் போகும் பேருந்தில் எண்ணிப் பழகுவேன். இரு பக்கமும் காய்கள் பழமாகி வெளியேற இன்னும் எத்தனை படி என்று எண்ணுவதுதான் ஆட்டத்தின் வாய்ப்பாடு. தொடக்க நிலையில் 24ஆம் முக்கோணத்தில் நிற்கும் இரண்டு காய்க்கு 48, 13இல் ஐந்துக்கு 65, 8இல் மூன்றுக்கு 24, 6இல் ஐந்துக்கு 30, ஆக 167. நடு ஆட்டத்தில் காய்கள் சிதறிக் கிடக்கும்போது இதைச் சில விநாடியில் எண்ணி முடிக்க வேண்டும். இருவரும் வெட்டிக்கொள்ளும் கட்டம் தாண்டி ஓட்டம் மட்டும் மிஞ்சினால், என் எண்ணிக்கை 100, எதிரியுடையது 108 என்றால் கட்டையை நகர்த்தலாம்; 112 வரை அவர் எடுக்கலாம்; அதைத் தாண்டினால் விட வேண்டும். தனிக்காயை விட்டுவைப்பதற்கும் எண்ணிக்கை உண்டு. எதிரிக்கு ஆறு படி தள்ளி நிற்கும் காயை, நடுவில் தடை இல்லாவிட்டால், பகடையின் 36 விழுத்தல்களில் 17 வந்து வெட்டும். ஏழு படி தள்ளி வைத்தால் ஆறே ஆறு. ஒரே ஒரு படி வித்தியாசம்! இதைக் கேட்ட பிள்ளையொன்றின் கண் விரிவதை நான் பார்த்திருக்கிறேன். என் தங்கச்சியின் பேத்தி, ஒன்பது வயது. அன்றிரவே 36ஐயும் தானாக எழுதிப் பார்த்திருக்கிறாள்.

பழகியதை மறப்பதும் தயாரிப்புத்தான். 4-1, 5-1 போன்ற விழுத்தல்களோடு ஆட்டம் தொடங்கினால், முன்னால் நல்ல இடத்தில் ஒரு தனிக்காயைத் துணிந்து வைப்பதுதான் அந்தக் காலத்து வழக்கம். எனக்கும் அது கையோடு ஒட்டியிருந்தது. 1992இல் ஐபிஎம் ஆய்வகத்தில் ஜெரால்ட் டெசாரோ ஒரு நிரலை எழுதினார். மனிதர் சொல்லிக்கொடுக்காமல், தனக்கெதிராகத் தானே லட்சக்கணக்கான ஆட்டங்கள் ஆடிக் கற்றது அது. முன்னால் துணிவதைவிடப் பின்னால் நிற்கும் காயை ஒரு படி நகர்த்துவது நல்லது என்று அது காட்டியபோது, தேர்ந்த ஆட்டக்காரர்களே தங்கள் வழக்கத்தை மாற்றிக்கொண்டார்கள். எனக்கு அந்தப் பழைய நகர்வை விட இரண்டு வருடம் பிடித்தது.

கடிகாரம் இன்னொரு தனிப் பாடம். ஒவ்வொரு நகர்வுக்கும் 12 விநாடி இலவசம். அதைத் தாண்டினால் சேமிப்பிலிருந்து கழியும். சேமிப்பு, புள்ளிக்கு இரண்டு நிமிடம். முதலில் 11 புள்ளி எடுப்பவர் வெல்லும் போட்டி என்றால் 22 நிமிடம். சாப்பாட்டிலும் கவனம் வேண்டும். மதியம் வயிறு நிறையச் சோறு சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்கு உட்கார்ந்தால் எண்ணிக்கை தடுமாறும். தேத்தண்ணிப் போத்தலும் இரண்டு வாழைப்பழமும் எனக்குப் போதும்.

என் முதல் போட்டியை மறக்க முடியாது. ஏழு புள்ளிக்கு ஆட்டம். நான் 4, எதிரில் இருந்த டேனிஷ் மூதாட்டி 6. ஓய்வுபெற்ற ஆசிரியை. ஒருவர் வெற்றிக்கு ஒரு புள்ளி தூரத்துக்கு முதலில் வந்ததும், அடுத்த ஓர் ஆட்டத்தில் மட்டும் கட்டையைத் தொடக்கூடாது. ஜோன் க்ரோஃபர்ட் என்பவரின் பெயரால் வழங்கும் விதி. அந்த ஆட்டத்தை நான் வென்று 5-6 ஆனது. இனிக் கட்டை திறந்துவிட்டது. அவருக்கு ஒரு புள்ளி போதும் என்பதால், இரட்டிப்பாக்கினால் எனக்கு இழக்க ஒன்றுமில்லை. முதல் வாய்ப்பிலேயே நகர்த்தியிருக்க வேண்டும். தோற்றுக்கொண்டிருப்பவன் பணயத்தை ஏற்றலாமா என்ற கூச்சத்தில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். ஆட்டத்தை வென்றேன். 7-6 என்று முடிந்திருக்கலாம், 6-6 ஆனது. கடைசி ஆட்டத்தில் தோற்றேன். அவர் காய்களை அடுக்கிவிட்டு, தாளில் எழுதி எனக்கு அதை விளங்கப்படுத்தினார். “நீங்கள் தோற்றது இந்த ஆட்டத்தில் அல்ல, முந்தினதில்” என்றார். அந்தத் தாளும் கொப்பிக்குள் இருக்கிறது.

பகடையைத் திட்டுகிறவர்களைப் போட்டி மண்டபங்களில் நிறையக் காணலாம். அவர்களுக்கு நான் சொல்வது 1979ஆம் ஆண்டுக் கதை. மொண்டே கார்லோவில் உலகப் பட்டம் வென்ற கையோடு இத்தாலியின் லூயிஜி வில்லா, கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் பெர்லினர் எழுதிய நிரலோடு ஒரு காட்சிப் போட்டி ஆடினார். 7-1 என்று தோற்றார். பலகை ஆட்டமொன்றில் உலக வெற்றியாளரை ஒரு கணினி வென்றது அதுவே முதல் தடவை. பெர்லினர் கொண்டாடிவிட்டுப் போயிருக்கலாம். அவர் உட்கார்ந்து ஒவ்வொரு நகர்வையும் ஆராய்ந்தார். நன்றாக ஆடியவர் வில்லாதான், தன் நிரலுக்குப் பகடை உதவியது என்று அவரே எழுதினார். வென்றவன் வாயால் அப்படி ஒரு சொல் வருவதை நான் வேறெங்கும் அதிகம் கேட்டதில்லை.

ஆடிய விதத்தையும் வந்த பலனையும் இப்படிப் பிரித்துப் பார்ப்பது எனக்கு ஏன் இவ்வளவு பெரிதாகப் படுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1986இல் வீட்டில் ஒருவரை அனுப்பத்தான் காசு இருந்தது. என் கூடப்பிறந்த அண்ணா, தான் நின்று அம்மாவைப் பார்ப்பதாகச் சொன்னார். நான் சின்னவன், நான் போகட்டும் என்றார். விறாந்தையில் இருந்து மூன்று இரவு கதைத்தோம். தெரிந்த எல்லாவற்றையும் வைத்துத்தான் முடிவெடுத்தோம். நாலு வருடத்தில் அண்ணா இல்லை. அந்த முடிவு பிழையானது, நான் பிழையானவன் என்று இருபது வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். யாரிடமும் சொன்னதில்லை. ஒருநாள் கொப்பியில் ஒரு நிலையை வரைந்துவிட்டு, ‘முடிவு சரி, பகடை பிழைத்தது’ என்று எழுதிய கை அப்படியே நின்றுவிட்டது. அன்றைக்கு நான் அழுதேன். துக்கம் போய்விடவில்லை. ஆனால் அந்த மூன்று இரவுகளையும் அதற்குப் பிறகு நடந்ததையும் பிரித்துப் பார்க்க முடிந்தது.

பரீட்சைப் பெறுபேற்றைத் தவிர வேறொன்றும் கேட்கப்படாத பிள்ளைகளுக்கு, ‘எப்படி யோசித்தாய்?’ என்று கேட்கிற ஒரு விளையாட்டு தேவை என்று நான் வாதாடுவது இதனால்தான்.

பெரியவர்களின் பயத்தில் நியாயம் உண்டு என்பதை மறைக்கமாட்டேன். பெரிய போட்டிகளில் நுழைவுக் கட்டணம் உண்டு, பரிசுத்தொகை உண்டு, புறப் பந்தயமும் நடக்கும். பணத்துக்காக இரவிரவாக ஆடிக் குடும்பத்தைக் கவிழ்த்தவர்களை எனக்கும் தெரியும். நான் கட்டணத்தைத் தவிர ஒரு குரோனரும் பலகையில் வைத்ததில்லை. பாடசாலையில் அந்தக் கட்டணமும் இருக்காது. நான் கேட்பது அரை மணித்தியாலமும் மூலையில் இரண்டு மேசையும்தான். முதலில் காய்களைப் பழமாக்க மட்டும் பழகட்டும், கூட்டல் கழித்தல் வரும். பிறகு 36 விழுத்தல்களை எழுதட்டும். மூன்றாம் மாதத்தில் கட்டை. பெண்பிள்ளைகள் தனி, ஆண்பிள்ளைகள் தனி என்று இங்கே ஒன்றும் இல்லை. மொண்டே கார்லோவில் 2014இலும் 2018இலும் எல்லோரையும் வென்று உலகப் பட்டம் எடுத்தவர் ஜப்பானைச் சேர்ந்த அகிகோ யசாவா என்ற பெண். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கொப்பி நான் வாங்கித் தருகிறேன்.

அந்தப் பெரியவரோடு பிறகு தொலைபேசியில் கதைத்தேன். தான் சின்ன வயதில் அக்காமாரோடு தாயம் விளையாடியதை அவரே சொன்னார். “சரி, ஒருக்கா வந்து பாக்கிறன், ஆனால் ஓமெண்டு சொல்லேல்லை” என்றார். அடுத்த கூட்டம் வருகிற சனிக்கிழமை, இரண்டு மணிக்கு. பெட்டி இன்னும் காரில்தான் இருக்கிறது.